சுவருக்கு வெளியே பெய்த மழை

"யார்றா அது மழைய போட்டது? வெளிய வாடா!"

சவுண்டு சர்வீஸில் இத்தனை வருடம் இருந்துவிட்டேன். நான் வாங்கிய வசவுகளை வரிசை போட்டால் இதற்குத்தான் முதல் இடம். திட்டியவர் வேறு யாருமில்லை, என் அக்கா வீட்டுக்காரர். நாங்கள் வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர்கள், அதனால் அவர் எனக்குப் பாவா. இடம், திருத்தணியில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசல். அவர் கை முழுக்கக் கஞ்சி. ஓடி வந்த வேகத்தில் வேட்டி பாதி அவிழ்ந்திருந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம், "அண்ணா, எந்த மிக்சர் மொதல்ல கத்துக்கணும்?" என்று கேட்கிறார்கள். மிக்சர் எங்கேயும் ஓடிப் போகாது. முதலில் இந்த மழைக் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழாய்ப் படிப்பு

நான் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. ஆனால் என் கைக்கு நூல் அடங்காது. தொட்டால் அறுப்பேன், முடி போட்டால் சிக்காகும். எங்கள் நைனா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இவன் கைக்கு நூலு ஒத்து வரல, ஒயராவது ஒத்து வருதா பாப்போம்" என்று பாலு முதலாளியின் மைக் செட் கடையில் கொண்டுபோய் விட்டார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

முதல் நாள் முதலாளி எனக்குச் சொல்லிக் கொடுத்தது மரம் ஏறுவது. இடுப்பில் கயிறு, கயிற்றின் முனையில் குழாய். குழாய் என்றால் கூம்பு மாதிரி வாய் விரிந்த ஹாரன் ஸ்பீக்கர். வேப்ப மரத்து உச்சியில் அதைக் கட்டி, எந்தப் பக்கம் ஜனம் அதிகமோ அந்தப் பக்கம் வாயைத் திருப்பி வைக்க வேண்டும். கீழே நின்று முதலாளி கத்துவார்: "இன்னும் மேல! ஆங், இன்னும் கொஞ்சம் மேல! உள்ள நடக்கிறது ஊருக்குக் கேக்கணும்டா. கேக்கலன்னா அது இன்னா விசேஷம்?"

அதுதான் அவருடைய வேதம். எங்கள் பக்கத்து ஜனங்களுடையதும் அதுவே. ஒருமுறை பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். பெண்ணைப் பெற்றவர் விடியற்காலையிலேயே டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாட்டு எதுவரைக்கும் கேட்கிறது என்று ஓட்டிக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "ஏரிக்கரை தாண்டி ஒண்ணும் கேக்கல. சம்பந்தி வூட்டு ஜனம் அந்தப் பக்கந்தான் கீறாங்க. எம் மானத்த வாங்கறியே பா" என்றார். தாலி கட்டுவதற்குள் இன்னொரு குழாய் கட்டிக் கொடுத்தோம். பந்தியில் எங்களுக்கு இரண்டு லட்டு கூடுதலாகக் கிடைத்தது.

இப்படித்தான் நான் தொழில் கற்றேன். சத்தம் என்றால் வெளியே போவது. யாருக்குக் கேட்க வேண்டும் என்ற கேள்வியே கிடையாது, எல்லாருக்கும் கேட்க வேண்டும்.

நனையாத மழை

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் ஆகியிருக்கும். ஒரு ஆடி மாதம், கிருத்திகைக் கூட்டமெல்லாம் மலையிறங்கிப் போய், நாங்கள் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த நேரம். சென்னையிலிருந்து ஒரு மேடம் கடைக்கு வந்தார். பெயர் ரேவதி. கூடவே பெரிய பெரிய பெட்டிகள், ஒரு லேப்டாப். அவருடைய அப்பா அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்தவராம். சின்ன வயதில் இந்தப் பக்கமே வளர்ந்ததால், சென்னையில் காட்டிய கண்காட்சியை இங்கேயும் ஒருமுறை காட்ட வேண்டும் என்று ஆசை.

"இன்னா ப்ரோக்ராம்ங்க மேடம்? கச்சேரியா? டான்ஸா?" என்றார் முதலாளி.

"மழை."

"மழைன்னா, நாடகமா?"

"நெஜ மழை மாதிரியே சார். நாலு பக்க சுவரு, மேல கூரை, கீழ தரை, எல்லாத்துலயும் ப்ரொஜெக்டர் போட்டு மழை பெய்யும். சுத்தி ஸ்பீக்கர். இடி, காத்து, தகரக் கூரை மேல மழை, ஏரித் தண்ணி மேல மழை, எல்லாம் நானே போய் ரெக்கார்ட் பண்ணினது. கம்ப்யூட்டர் ஒளியையும் ஒலியையும் சேத்து ஓட்டும். ஜனங்க நடுவுல உக்காந்தா போதும். நனைய மாட்டாங்க, அவ்ளோதான்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கடைசியில் அவருக்குத் தெரிந்த கேள்வியைக் கேட்டார்.

"சரிங்க மேடம். குழாய் எத்தினி கட்டணும்?"

"குழாயே வேணாம் சார். வெளிய சின்ன சத்தம்கூட போகக் கூடாது."

முதலாளியின் முகம் விழுந்துவிட்டது. மேடம் போன பிறகு என்னிடம் முனகினார்: "குழாய் இல்லாத விசேஷம். ஊமைக் கல்யாணம்டா இது. எவன் வருவான்? பாவம், அந்தப் பொண்ணு நஷ்டப்படப் போவுது."

கண்காட்சிக்குப் பிடித்த கல்யாண மண்டபத்தின் ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்தோம். கூரைக்குக் கீழே வெள்ளைத் துணி இழுத்துக் கட்டினோம். தரையில் ஜமக்காளம் விரித்து, சுற்றிலும் பாக்ஸ் ஸ்பீக்கர்கள் வைத்தோம். பேஸ் என்கிற அடி ஒலிக்கு மட்டும் மேடை ஓரத்தில் இரண்டு பெரிய பாக்ஸ். ஒரு மூலையில் என் மிக்சர், பக்கத்தில் மேடத்தின் லேப்டாப். கதவைச் சாத்தினால் உள்ளே எது நடந்தாலும் வெளியே தெரியாது. வெளியே எது நடந்தாலும் உள்ளே தெரியாது.

மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி அக்காவின் தெரு. நெசவுத் தெரு. இங்கே அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரொம்ப நாளாக அவள் வீட்டுத் தறி சும்மா கிடந்தது. நூல் கொடுத்து நெய்து வாங்குகிற ஆட்கள் எல்லாரும் பவர்லூம் பக்கம் போய்விட்டார்கள். அக்கா ஒரு ஆளிடம் நடையாக நடந்து, கெஞ்சி, சண்டை போட்டு, அந்த வாரம்தான் ஒரு பாவுக்கு நூல் வாங்கி வந்திருந்தாள். "இந்த ஒண்ணு ஒழுங்கா முடிச்சி குடுத்தாத்தான் அடுத்தது தருவேன்னு சொல்லிகீறான்டா. இது கெட்டுச்சின்னா தறியப் பிரிச்சி அடுப்புல வெச்சிட வேண்டியதுதான்" என்று எனக்குச் சோறு போடும்போது சொன்னாள்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏறும் இழைகள். ஏற்றுவதற்கு முன்னால் அதைக் கஞ்சியில் நனைத்து, விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, பிரஷ்ஷால் நீவி நீவிக் காயவைக்க வேண்டும். அதற்கு ஒரே எதிரி மழை. ஈரப் பாவின் மேல் மழை விழுந்தால் கஞ்சி கரைந்து வேலையெல்லாம் போச்சு. அதனால் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. இடிச் சத்தம் கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. யார் வீட்டுப் பாவாக இருந்தாலும், அடுப்பில் பால் பொங்கினாலும், எல்லாரும் போட்டது போட்டபடி ஓடிவந்து சுருட்டி உள்ளே எடுத்துவிடுவார்கள். முதல் துளி விழட்டும் என்று காத்திருப்பவன் அந்தத் தெருவில் பிழைக்க முடியாது.

ஒயரைப் பார்க்காதீங்க

திறப்பு நாள் காலை. வெளியே மேகமூட்டமாக இருந்தது. மக்கள் வருவதற்கு முன்னால் ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்க்கலாம் என்றார் மேடம். நான் வழக்கம்போல மிக்சர் பக்கம் போனேன்.

"நீங்க அங்க போக வேணாம். நடுவுல வந்து உக்காருங்க. கண்காட்சிக்கு வந்த ஆள் மாதிரி. ஒயரப் பாக்காதீங்க."

எனக்கு அது சிரமமாக இருந்தது. கல்யாண வீட்டில்கூட நான் தாலியைப் பார்த்ததில்லை, கனெக்‌ஷனைத்தான் பார்ப்பேன். சரி என்று ஜமக்காளத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முதலாளி மிக்சர் பக்கத்தில் நிற்பது மங்கலாகத் தெரிந்தது. பிறகு விளக்கு அணைந்தது.

முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு எங்கேயோ தூரத்தில், முதுகுப் பக்கம், ஒரு உறுமல். சுவர் மெல்லச் சாம்பல் நிறமாயிற்று. கூரைத் துணியில் மேகம் ஊர்ந்தது. காற்று இடது பக்கமிருந்து கிளம்பி என்னைக் கடந்து வலது பக்கம் போனது. நான் அனிச்சையாகத் தோள் துண்டைப் பிடித்துக்கொண்டேன். ஒரு துளி, தகரத்தில் டொக்கென்று. இன்னொன்று. அப்புறம் நாலு சுவரிலும் வெள்ளிக் கோடுகள் இறங்கத் தொடங்கின. தரையில் வட்டம் வட்டமாக வெளிச்சம் விரிந்தது. என் காலடியில் ஒரு வட்டம் விரிந்தபோது காலை இழுத்துக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? அந்த பாக்ஸ் ஒவ்வொன்றையும் தூக்கி வைத்தவன் நான். ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது என்று தெரிந்தவன் நான். இருந்தும் மழை பெய்தது.

சத்தத்தை அவ்வளவு காலமும் ஊருக்கு மேலே வீசித்தான் எனக்குப் பழக்கம். அது ஒரு மனிதனின் பக்கத்தில் வந்து உட்காரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இனி செய்தால் இந்த வேலைதான் செய்ய வேண்டும் என்று அந்த இருட்டிலேயே முடிவு செய்தேன்.

அப்போதுதான் கதவு தடதடவென்று இடிபட்டது. அதையும் நான் மேடத்தின் இடி என்றே நினைத்தேன். கதவு திறந்து, வெளிச்சத்தோடு பாவா வாசலில் வந்து நின்று, நான் முதலில் சொன்ன அந்த வசவை வீசினார்.

கை கழுவிகினு வா

நடந்தது இது. நான் இருட்டில் உட்கார்ந்து உருகிக்கொண்டிருந்தபோது, முதலாளி மிக்சரிலிருந்து ஒரு லைன் எடுத்து, யாருக்கும் சொல்லாமல் முன்னாடியே மொட்டை மாடியில் கட்டி வைத்திருந்த குழாய்க்குக் கொடுத்துவிட்டார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. பிறகு கேட்டபோது, "உள்ள ஒண்ணு நடக்குதுன்னு ஜனத்துக்கு எப்பிடித் தெரியும்? நாலு பேர் வரட்டும், அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும்னுதான்டா பண்ணேன்" என்றார். குழாயின் வாய் பின்பக்கத் தெருவைப் பார்த்திருந்தது. அங்கேதானே ஜனம் அதிகம்!

குழாயில் இடி சரியாக வராது. அதற்கு அடி ஒலி கிடையாது. பக்கத்து இடியும் அதில் கனம் போய்த் தூரத்து இடியாகத்தான் கேட்கும். அன்றைக்கு அதுவே வினையாயிற்று. மலைக்கு அந்தப் பக்கம் இடிக்கிற மாதிரி இருந்திருக்கிறது. தகரக் கூரை மழையோ, தகரக் குழாயிலிருந்தே வந்ததால் தெருக்கோடி ஷெட்டின் மேல் மழை பிடித்துவிட்டது போலவே இருந்திருக்கிறது. மேலே பார்த்தால் மேகமூட்டம். வேறென்ன சாட்சி வேண்டும்? மொத்தத் தெருவும் ஓடி வந்து, அக்காவின் பாவைச் சுருட்டிவிட்டது. அப்போதுதான் கஞ்சி போட்டு, ஒருதரம்கூட முழுதாக நீவாத ஈரப் பாவு.

சுருட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் மழையைக் காணோம். சத்தம் மட்டும் பெய்துகொண்டிருந்தது. மண்டபத்து மாடியில் குழாய்.

நான் தெருவுக்கு ஓடியபோது, மேகம் கலைந்து வெயில் அடித்தது. மழைக்குப் பயந்து சுருட்டிய பாவுக்கு இப்போது வெயில் எதிரி. சுருளுக்குள் கஞ்சி காய்ந்தால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் அறும். அக்கா சுருளைப் பிடித்துக்கொண்டு தெருவின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பாவாவின் வசவு எவ்வளவோ தேவலை.

மேடம் செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடி வந்திருந்தார். "அய்யோ, எல்லாம் கெட்டுப்போச்சா? நான் என்ன பண்ணணும்? சொல்லுங்க."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கை கழுவிகினு வா" என்றாள்.

அப்புறம் யாருக்கும் பேச நேரமில்லை. ஒரு முனையைப் பாவாவும் இன்னும் இரண்டு பேரும் பிடித்துக்கொள்ள, மறுமுனைச் சுருளை அக்கா விரல் விரலாக அவிழ்த்தாள். இரண்டு பக்கமும் தெரு ஜனம் வரிசையாக நின்று, தண்ணீர்க் கஞ்சியைத் தெளித்து, ஒட்டிய இழைகளை நகத்தால் பிரித்துக்கொண்டே போனார்கள். மேடமும் வரிசையில் நின்றார். முதலில் அவர் இழையைப் பிடித்து இழுக்கப் போக, பக்கத்திலிருந்த ஒரு அம்மா அவர் கையில் ஒரு அடி வைத்தாள். "இழுக்காத கண்ணு, தடவு. கொயந்தைக்குத் தல வார்ற மாதிரி." அதற்குப் பிறகு அவர் நன்றாகவே செய்தார். என்னை மட்டும் யாரும் பாவின் பக்கத்தில் விடவில்லை. என் கை ராசி தெருவுக்கே தெரியும். நான் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன்.

பாலு முதலாளி தாமே மாடியேறிக் குழாயை அவிழ்த்து, அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து தெரு ஓரத்தில் நின்றார். எனக்குத் தெரிந்து அந்த மனிதர் ஊருக்கு முன்னால் தலை குனிந்து நின்றது அன்றைக்கு ஒருநாள்தான். பாவா பார்த்தார். "இன்னா மொதலாளி, சும்மா நின்னுகினு கீறீங்க? அந்தக் குழாய கீழ வெச்சிட்டு வந்து இந்த மொனையப் புடிங்க" என்றார். முதலாளி ஓடி வந்து பிடித்தார்.

திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் மண்டபத்தில் ஆளில்லாததைப் பார்த்துத் தெருவுக்கே வந்துவிட்டார்கள். அவர்களில் சிலர் இதுதான் கண்காட்சி என்று கொஞ்ச நேரம் நம்பினார்கள்.

வெயில் ஏறுவதற்குள் பாவு முழுதும் தெரு நீளத்துக்கு நீண்டு நின்றது. பாவா பிரஷ்ஷை எடுத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நீவினார். அறுந்த இழைகளை அக்கா ஒவ்வொன்றாக முடி போட்டாள். கடைசி முடியைப் போட்டுவிட்டு, பாவின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"தேறிடும்" என்றாள்.

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. அழவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் வைத்தேன்.

மழைக்கு உட்கார்ந்தவள்

பாவைச் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோன பிறகு மேடம் அக்காவின் வாசலில் வந்து நின்றார். மூக்கு நுனியில்கூடக் கஞ்சி.

"அக்கா, கண்காட்சிய மொதல்ல நீங்கதான் பாக்கணும். இந்தத் தெருவே வரணும்."

"எனக்கு வேல கீது" என்றாள் அக்கா.

"அட வாம்மே. நம்மள இந்தப் பாடு படுத்தின மழ எப்பிடித்தான் கீதுன்னு ஒருவாட்டி பாத்துட்டு வர்லாம்" என்று பாவா கிளப்பினார்.

கோயிலுக்குப் போகிற மாதிரி வாசலில் கால் கழுவிக்கொண்டு எல்லாரும் உள்ளே போனார்கள். நான் இந்தமுறை மிக்சரில். விளக்கு அணைந்தது. தூரத்து உறுமல் வந்ததும் ஜமக்காளத்தில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள்! பாவா கதவு வரைக்கும் போய்விட்டார். "உக்காருங்க பாவா, பாவு உள்ளதான் கீது" என்று இருட்டிலிருந்து நான் கத்த, மண்டபமே சிரித்தது. ஒவ்வொரு இடிக்கும் யாராவது ஒருவர் பாதி எழுந்து, பக்கத்து ஆள் இழுத்து உட்கார வைத்தார். மெல்ல மெல்லச் சிரிப்பு அடங்கியது. பிறகு மழை மட்டும்தான்.

முடிந்து விளக்குப் போட்டதும், நல்லா கீது, நல்லா கீது என்று சொல்லிக்கொண்டே எல்லாரும் வெளியே போனார்கள். அக்கா மட்டும் எழவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று பயந்துகொண்டே பக்கத்தில் போனேன்.

"அக்கா?"

"மழன்னா ஓடத்தான்டா தெரியும் எனக்கு" என்றாள். "நம்ம நைனா வூட்லயும் ஓட்டந்தான், கல்யாணம் கட்டிகினு வந்த எடத்துலயும் ஓட்டந்தான். கொட்டுதா, நிக்கிதா, பாவு நனையிதான்னு பாக்கறதே வேல. இப்பிடி உக்காந்துகினு கேட்டதே இல்ல."

மேடம் லேப்டாப் பக்கத்தில் நின்றிருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார், முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். வாசலில் அடுத்த கூட்டம் காத்திருந்தது. அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி போடும்மா" என்றாள்.

மேடம் கதவைச் சாத்திவிட்டு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அந்த ஒரு ஆளுக்காக மழையைத் திரும்ப ஓட்டினேன். கூட்டம் வெளியே நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பாவு சேலையாகி நூல் கொடுத்த ஆளிடம் போய்ச் சேர்ந்தது, அடுத்த பாவுக்கும் நூல் வந்தது. நான் மேடத்தோடு கிளம்பி, அப்புறம் எத்தனையோ ஊர்களில் இருட்டு அறைகளுக்குச் சத்தம் அமைத்துக் கொடுத்தேன். முதலாளிதான் பஸ் ஏற்றிவிட வந்தார். "வெளிய கேக்காத வேலைக்குப் போறான் பாரு" என்று கண்டக்டரிடம் சொல்லிச் சிரித்தார்.

பிள்ளைகளா, மிக்சர் கற்றுக்கொள்ளுங்கள், கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் எந்த ஊரில் எந்த அறையில் வேலை முடித்தாலும், உள்ளே உட்கார்ந்து கேட்டு ரசிப்பதற்கு முன்னால் ஒருதரம் சுவருக்கு வெளியே போய் நில்லுங்கள். அங்கே யார் இருக்கிறார்கள், உங்கள் சத்தத்தைக் கேட்டால் எதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள் என்று பாருங்கள். பார்த்த பிறகு அவர்களை உள்ளே கூட்டி வந்து உட்கார வையுங்கள்.

இப்போதும் ஆடியில் ஊருக்குப் போனால், மழை பிடித்ததும் அக்கா முதலில் தெருவுக்கு ஓடுகிறாள். யார் பாவும் நீட்டியில்லை என்று பார்த்துக்கொள்கிறாள். பிறகு உள்ளே வந்து, தறிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "கொஞ்சம் பேசாம இரு" என்கிறாள் என்னிடம்.